மணி என்ன டீச்சர்?

கைக்கடிகாரம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பெரம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடிகாரம் சேர்ப்பவர். சேர்த்ததை எல்லாம் கட்டுபவர்.

அப்பா காலமாகிச் சில வருஷம் ஆகிறது. பீரோவைச் சுத்தம் செய்தபோது அவருடைய எச்.எம்.டி. ஜனதா கிடைத்தது. சாவி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது. கடையில் காட்டினால் "கம்பெனியே மூடிட்டாங்க, பார்ட்ஸ் வராது, புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்கள். நிஜமா டீச்சர்?
— ஒரு வாசகர், குரோம்பேட்டை

பாதி நிஜம், தம்பி. எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பார்ட்ஸ் வராது என்பது மட்டும் சோம்பேறிப் பேச்சு. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்த தொழிற்சாலை அது. ஒரு காலத்தில் கல்யாண மாப்பிள்ளைக்கும் பத்தாவது பாஸானவனுக்கும் கையில் ஏறியது அந்த வாட்ச்தான். ஜனதா, பைலட் இரண்டுக்கும் உள்ளே ஓடுவது ஒரே குடும்பத்து மிஷின். அதனால் எங்கோ ஒரு ஜனதா செத்தால், அதன் சக்கரங்களை வைத்து இன்னும் நாலு ஜனதா ஓடும்.

நீங்கள் போனது வாட்ச் விற்கிற கடைக்கு. போக வேண்டியது ரிப்பேர்காரரிடம். விற்கிற கடையில் இன்று செல் மாற்றுவார்கள், ஸ்ட்ராப் மாற்றுவார்கள், அவ்வளவுதான். பாரிமுனைச் சந்துகளிலும், பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, மயிலாப்பூர் மாதிரியான பழைய இடங்களின் கடைத்தெருவிலும் ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவருடைய மேஜை டிராயரைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய மிஷின்கள் டப்பா டப்பாவாக இருந்தால், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள்.

கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறது என்றீர்களே, அது நல்ல செய்தி. ஸ்பிரிங் அறுந்திருந்தால் ஒரு நிமிஷம்கூட ஓடாது. உள்ளே இருக்கும் பேலன்ஸ் சக்கரம் விநாடிக்கு ஐந்து தட்டு தட்ட வேண்டும், மணிக்கு 18,000. பீரோவில் கிடந்த வருஷங்களில் ஆயில் காய்ந்து பிசினாகிவிடுகிறது. ஸ்பிரிங் கொடுக்கும் சக்தியை வழியிலேயே உராய்வு தின்றுவிடுவதால் பேலன்ஸ் வரைக்கும் போய்ச் சேருவதில்லை. ஆசையில் திரும்பத் திரும்பச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். காய்ந்த ஆயிலோடு ஓடினால் சக்கரங்களின் அச்சு நுனி தேயும். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருக்கும். அந்தப் பதினேழும் செயற்கை மாணிக்கக் கற்கள், பெரும்பாலானவை அந்த அச்சுகளைத் தாங்குபவை. கல் சுலபத்தில் தேயாது, இரும்பு தேயும்.

ரிப்பேர்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "முழுசாகக் கழட்டிச் செய்வீங்களா?" கழட்டாமல் மிஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலாக ஆயில் விட்டு, "சர்வீஸ் ஆச்சு" என்று கொடுப்பவர்கள் உண்டு. அது மூன்று மாதம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். போன வருஷம் என் ஜனதாவை முழுசாகக் கழட்டிப் பூட்ட எங்கள் தெருமுனை பாய் 800 ரூபாய் வாங்கினார். ஒரு வாரம் வைத்திருந்தார். உடனே தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், டயலுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்பார்கள். கண்டிப்பாக வேண்டாம். கண்ணாடி மங்கியிருந்தால் மாற்றலாம், அது பிளாஸ்டிக்தான், விலை சொற்பம். லேசான கீறல் என்றால் பித்தளை பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தாலே போய்விடும். ஆனால் மஞ்சளித்துப் போன அந்த டயல் அப்பா பார்த்த டயல். அதைப் புதுசாக்கினால் யாருடைய வாட்சோ ஆகிவிடும்.

சரியாகி வந்ததும் தினமும் காலையில் சாவி கொடுங்கள், கையிலிருந்து கழட்டி வைத்துக்கொண்டு. கட்டியபடியே கொடுத்தால் தண்டு சாய்ந்து தேயும். இறுகி நின்றதும் நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு அரை நிமிஷம் முன்னே பின்னே போகும். போகட்டுமே.

ஆன்லைனில் எச்.எம்.டி. பைலட் 1,400 ரூபாய்க்கு வருகிறது. டயல் பளபளவென்று ஆரஞ்சு நிறம். 'பழசு, ஆனால் உபயோகிக்காதது' என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், தாம்பரம்

நாற்பது வருஷப் பழசு என்பார்கள், டயல் நேற்று அச்சடித்த மாதிரி இருக்கும். பழைய மிஷினை எடுத்து, டயலுக்குப் பெயின்ட் அடித்து, வேறெங்கோ கிடைத்த கேஸில், அதாவது வாட்சின் வெளிக்கூட்டில் போட்டு, கிடைத்த முள்ளைப் பூட்டி விற்கிற வியாபாரம் பெரிய அளவில் நடக்கிறது. சேர்ப்பவர்கள் இதை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். எச்.எம்.டி.யில் மட்டுமில்லை, ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட் மாதிரி இந்தியாவில் நிறைய விற்ற சுவிஸ் வாட்சுகளிலும் இதே கதை.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. படத்தைப் பெரிதாக்கி எழுத்தைப் பார். கம்பெனி அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். பெயின்ட் டயலில் எழுத்து கசிந்து, தடித்து, சில சமயம் கோணலாகவும் இருக்கும். நிமிஷக் கோடுகள் மணிக் குறிகளோடு சரியாகப் பொருந்துகிறதா பார். முள் நிமிஷக் கோட்டைத் தொடாமல் குட்டையாக நின்றால் அது வேறு வாட்சின் முள். பின்மூடியைத் திறந்து மிஷினின் படம் அனுப்பச் சொல். அனுப்ப மாட்டேன் என்றால் பேச்சு முடிந்தது.

நிறம் பிடித்துப் போய், எல்லாம் தெரிந்துதான் வாங்குகிறேன் என்றால் வாங்கு, கட்டு. 1,400 ரூபாய்க்கு ஒரு ஓடுகிற மிஷின் கிடைத்தது என்று வைத்துக்கொள். ஆனால் அடுத்தவனிடம் ஒரிஜினல் என்று சொல்லி விற்காதே. அந்தச் சங்கிலி உன்னோடு நிற்கட்டும்.

சென்னை வேர்வைக்கு லெதர் ஸ்ட்ராப் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை. நாற்றம் வேறு. என்னதான் கட்டுவது?
— ஒரு வாசகி, கொரட்டூர்

லெதரை இந்த ஊரில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உள்ளே வைத்துவிடுங்கள். மார்கழியில் எடுங்கள், ஏ.சி. ஆபீஸுக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும் கட்டுங்கள். தோல் வேர்வையைக் குடிக்கும், காய நேரம் கொடுக்காமல் மறுநாளும் கட்டினால் உள்பக்கம் கறுத்து வெடிக்கும். இதற்கு எந்த விலை உயர்ந்த தோலும் விதிவிலக்கு இல்லை.

அந்த வேர்வை மாதங்களுக்கு நைலான் பட்டை. விலை குறைவு, ராத்திரி சோப்புப் போட்டுத் துவைத்து ஜன்னலில் மாட்டினால் காலையில் காய்ந்திருக்கும். ஒரு நைலான் பட்டையில் எனக்கு இன்னொரு சந்தோஷம் உண்டு. கேஸின் இரண்டு பக்கமும் நுழைந்து, வாட்சுக்கு அடியிலும் ஓடுகிற ஒற்றைப் பட்டை அது. ஒரு பக்கத்து ஸ்பிரிங் பின் கழன்றாலும் வாட்ச் கீழே விழாது. 29சி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஸ்டீல் செயின் நல்லதுதான். ஆனால் கண்ணிகளுக்கு நடுவில் சேரும் அழுக்கைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. மாதம் ஒரு முறை பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள், வாட்ச் தண்ணீர் தாங்கும் வகை என்றால் மட்டும். இல்லாவிட்டால் செயினைத் தனியாகக் கழட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் சிவந்து அரித்தால் நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். மலிவான முலாம் செயின்களில் இது அதிகம். தோல் டாக்டரிடம் காட்டுங்கள், பவுடர் போட்டு மறைக்காதீர்கள்.

ஸ்ட்ராப் வாங்கும் முன் கேஸின் இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் உள்ள அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள். பெரும்பாலும் 18, 20, 22 மில்லிமீட்டரில் ஒன்றாக இருக்கும். 'கண்ணால பார்த்தாலே தெரியும்மா' என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு அளவைச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் எல்லா வாட்சும் 10 மணி 10 நிமிஷம் காட்டுவது ஏன்?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

கம்பெனி பெயர் 12-க்குக் கீழே இருக்கும், முள் அதை மறைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் சமமாக விரிந்து நிற்பது பார்க்கவும் அழகு. யாரோ செத்த நேரம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்.

'30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று பின்மூடியில் எழுதியிருக்கிறது. எலியட்ஸ் பீச்சில் முழங்கால் தண்ணீரில் நின்றுதான் விளையாடினேன். ஒரு அலை மேலே அடித்தது. இப்போது கண்ணாடிக்கு உள்ளே பனி.
— ஒரு வாசகி, பெசன்ட் நகர்

30 மீட்டர் என்பது ஆய்வுக்கூடத்தில், அசையாத நிலையில் கொடுக்கிற அழுத்தத்தின் கணக்கு. அந்த ஆழத்துக்குப் போகலாம் என்ற அனுமதி இல்லை. கை கழுவலாம், தூறலில் நடக்கலாம், அதோடு சரி. நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். வெந்நீர்க் குளியல் எந்த வாட்சுக்கும் நல்லதில்லை. சூடும் சோப்பும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும்.

உங்கள் விஷயத்தில் உள்ளே போனது உப்புத் தண்ணீர். இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் காரியம் கைமீறியிருக்கும், அதனால் அடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே ரிப்பேர்காரரிடம் ஓடுங்கள். போகும் வழியில் திருகைக் காற்றுப் போகட்டும் என்று இழுத்து வைக்காதீர்கள், அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். அரிசி உப்பை எடுக்காது. உப்பு உள்ளே இருக்கும்வரை துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு வகைப் பனியும் உண்டு. ஏ.சி. அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடி மங்கும், சற்று நேரத்தில் தானாகவே தெளியும். தண்ணீர் எங்கும் நுழைந்திருக்காது. மழைக்கால ஈரக் காற்றில் செல் மாற்றி மூடியிருப்பார்கள், அந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். அவசரமில்லை. காய்ந்த நாளில் ஒரு முறை திறந்து மூடி, ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். செல் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வளையத்தைப் பார்க்கச் சொல்வது நல்லது. கேட்காவிட்டால் யாரும் பார்ப்பதில்லை.

கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்கிற என் ஆட்டோமேட்டிக் வாட்ச் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் வேகமாகப் போகிறது. கீழே போடவில்லை, தண்ணீர் படவில்லை.
— ஒரு வாசகி, அண்ணா நகர்

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. உங்கள் கைப்பையின் மூடி 'டக்' என்று ஒட்டிக்கொள்கிற காந்த பட்டனா? வாட்சைக் கழட்டி அதற்குள் போடுவீர்களா? அல்லது ராத்திரி புளூடூத் ஸ்பீக்கர் மேல் வைப்பீர்களா?

பேலன்ஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுவது முடி அளவுக்கு மெல்லிய ஒரு சுருள் ஸ்பிரிங். காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பாகம் வேலை செய்யாது, ஆக ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிறது. குட்டையான ஸ்பிரிங் விறைப்பானது, விறைப்பு கூடினால் அலைவு நேரம் குறையும். பதினொன்றாம் வகுப்பில் படித்த அதே சூத்திரம்தான். அதனால்தான் காந்தம் ஏறிய வாட்ச் பெரும்பாலும் வேகமாக ஓடுகிறது.

பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலோ போனிலோ திசைகாட்டி இருக்கும். ஊசி உள்ள திசைகாட்டிதான் நல்லது. வாட்சை மெதுவாக அதன் பக்கத்தில் கொண்டு போய்த் திருப்புங்கள். ஊசி நன்றாகத் துள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. ரிப்பேர்காரரிடம் காந்தம் எடுக்கும் கருவி இருக்கும், வேலை சில விநாடிகள்தான். 'மிஷின் போச்சு, ஓவர்ஹாலிங் பண்ணணும்' என்று யாராவது சொன்னால், முதலில் காந்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் உறவுக்காரப் பெண்ணிடம் ஒரு பெரிய கடையில் இதற்கு முழு சர்வீஸ் பில் போட்டார்கள்.

பயந்து போனையே தொடாமல் இருக்க வேண்டியதில்லை. தூரம் கூடக் கூடக் காந்தத்தின் பலம் மளமளவென்று குறைந்துவிடும். ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும்.

என் கணவரிடம் நாற்பது வாட்ச் இருக்கிறது. இன்னும் கூரியர் வந்துகொண்டிருக்கிறது. பில்லை மறைக்கிறார். ஏதாவது சொன்னால் 'இது முதலீடு' என்கிறார். என் அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்த வாட்சை மட்டும் கட்டுவதே இல்லை.
— பெயர் வேண்டாம், நங்கநல்லூர்

அண்ணன் கொடுத்த வாட்ச் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன், அது உங்கள் வீட்டு அரசியல்.

மீதிக்குக் கணக்குப் போடுவோம். சாவி கொடுக்கிற வாட்சோ ஆட்டோமேட்டிக்கோ, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆயில் சர்வீஸ் வேண்டும். நாற்பது வாட்ச் என்றால் வருஷத்துக்கு எட்டு சர்வீஸ். எங்கள் பாய் கணக்கில் போட்டாலே 6,400 ரூபாய். அதில் சுவிஸ் வாட்ச் இருந்தால் அந்த ஒன்றுக்கே பல ஆயிரம். இதை அவர் செய்கிறாரா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் அவர் சேர்ப்பது வாட்ச் இல்லை, ஆயில் காய்ந்துகொண்டிருக்கும் இரும்பு. செல் போட்ட வாட்சுகள் என்றால் இன்னும் மோசம். செல் தீர்ந்து உள்ளேயே கிடந்தால் கசிந்து மிஷினை அரித்துவிடும்.

முதலீடு என்ற பேச்சுக்கு வருவோம். விலை ஏறுகிற வாட்சுகள் உலகத்தில் இருக்கின்றன, மிகச் சில. அவற்றை வாங்குகிறவர் பெட்டி, பில், வாரன்டி கார்டு எல்லாவற்றையும் கண்ணில் ஒற்றி வைத்திருப்பார். பில்லை மறைக்கிறவர் முதலீடு என்று சொல்வது எனக்குப் புரியவில்லை. மற்றதெல்லாம் கடை வாசலைத் தாண்டியதும் விலை இறங்கும் பொருள்தான். ஆசைக்கு வாங்கினேன் என்று சொல்லட்டும், அதில் தப்பில்லை. நானும் அதற்குத்தான் வாங்குகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பச் சொல்லுங்கள். சண்டை போடாமல், ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியாக எப்போது கட்டினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். போன தீபாவளிக்கு முன்னால் என்று பதில் வருவதெல்லாம் ஒரு பக்கம். அதில் மச்சானுக்கு, மருமகனுக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்று நிறையக் கைகள் கிடைக்கும். மிச்சத்துக்குப் பன்னிரண்டு இடம் உள்ள ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள். புதுசு ஒன்று வந்தால் பழசு ஒன்று போக வேண்டும். அவர் பதிலுக்கு உங்கள் பட்டுப்புடவைக் கணக்கை எடுப்பார். எடுக்கட்டும்.

அவரைக் கேட்காமல் எதையும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. அந்தக் கட்டிலில் 300 ரூபாய் வாட்ச் மாதிரி தெரிவது எதுவென்று உங்களுக்குத் தெரியாது.

பெண்கள் வாட்ச் என்றாலே கல் பதித்த சின்ன வளையல்தான் காட்டுகிறார்கள். டயலில் மணியே தெரிவதில்லை. ஆண்கள் வாட்ச் கட்டினால் பார்க்க நன்றாக இருக்குமா?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

தாராளமாக. முதல் உலகப் போருக்கு முன்பு கையில் வாட்ச் கட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஆண்கள் சட்டைப்பையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். பதுங்குகுழியில் கிடந்துகொண்டு பையைத் துழாவ முடியாமல்தான் ஆண்கள் மணிக்கட்டுக்கு வந்தார்கள். நம்மிடமிருந்து வாங்கியதை நாம் திருப்பிக் கட்டுவதில் என்ன கூச்சம்?

இன்றைய ஆண்கள் வாட்சுகள் 42, 44 மில்லிமீட்டர் என்று ஊதிவிட்டன, அதெல்லாம் வேண்டாம். பழைய ஆண்கள் வாட்சுகள் 34, 35 மில்லிமீட்டர்தான். பருத்திப் புடவைக்கும் சரி, ஜீன்ஸுக்கும் சரி, அந்த அளவு அவ்வளவு அழகாக உட்காரும். கேஸின் கொம்புகள் மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டாமல் இருந்தால் அளவு சரி. டயலை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுகிற அம்மாக்களின் பழக்கத்தையும் கிண்டல் செய்யாதீர்கள். கண்ணாடியில் கீறல் விழாது, பாத்திரம் தேய்க்கும்போது இடிக்காது.

டைட்டன் தமிழ்நாட்டுக் கம்பெனி என்கிறார் நண்பர். பெங்களூர் என்கிறேன் நான். 500 ரூபாய் பந்தயம்.
— ஒரு வாசகர், வேளச்சேரி

ஆளுக்கு 250. தலைமை அலுவலகம் பெங்களூர். ஆனால் 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்தது, தொழிற்சாலை போட்டது ஓசூரில். பங்கு வைத்திருப்பவர்களில் டிட்கோவின் பங்கு டாடா குழுமத்தின் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அது பலருக்குத் தெரியாது. 2002-ல் வந்த எட்ஜ் வாட்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் மிஷின் 1.15. அதை முதலில் பிடித்துப் பார்த்தபோது என் கண்ணை நானே நம்பவில்லை.

பழைய சுவிஸ் வாட்ச் ஒன்று தாத்தாவுடையது. டயலில் ரேடியம் இருட்டில் மின்னுவதில்லை. சுரண்டிவிட்டுப் புதுசாகத் தடவலாம் என்கிறார் ரிப்பேர்காரர்.
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

சுரண்ட விடாதீர்கள். இன்றைய வாட்சில் மின்னுவது ரேடியம் இல்லை, ஆபத்தில்லாத வேறு பூச்சு. ஆனால் தாத்தா காலத்து வாட்சில் நிஜமான ரேடியமே இருக்கலாம். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். மின்னாமல் போனது அதோடு கலந்திருந்த பூச்சு கெட்டுப்போனதால், ரேடியம் போய்விட்டதால் இல்லை. சுரண்டினால் தூசு பறக்கும், மூச்சில் போனால் உடம்பில் தங்கும். மூடியபடியே, படுக்கையறைக்கு வெளியே வைத்திருங்கள். ரிப்பேர்காரரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள், பாவம், அவர்தான் குனிந்து உட்கார்ந்து மூச்சு விடுகிறவர்.

பர்மா பஜாரில் ரோலக்ஸ் 1,500 ரூபாய்க்கு...
— ஒரு வாசகர், ராயபுரம்

இல்லை.

முதல் வாட்சுக்கு என்னிடம் 5,000 ரூபாய் இருக்கிறது. எதில் ஆரம்பிக்கலாம்?
— ஒரு வாசகர், மேடவாக்கம்

முழுசாகச் செலவழிக்காதீர்கள். கேசியோ எஃப்-91டபிள்யூ வாங்கி ஒரு வருஷம் கட்டுங்கள். 1989-ல் வந்த டிசைன், எடை 21 கிராம், செல் ஏழு வருஷம் வரும் என்று கம்பெனி சொல்கிறது, மாதத்துக்கு அரை நிமிஷத்துக்கு மேல் தப்பாது. லட்ச ரூபாய் சுவிஸ் ஆட்டோமேட்டிக்கால் அந்தத் துல்லியத்தைத் தொட முடியாது. செல் வாட்சுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, ஆட்டோமேட்டிக்கின் பேலன்ஸ் ஆறு, எட்டு தட்டோடு நின்றுவிடுகிறது.

அந்த ஒரு வருஷத்தில் உங்கள் பகுதியில் ஒரு நல்ல ரிப்பேர்காரரைத் தேடிப் பிடியுங்கள். செல் மாற்ற, ஸ்ட்ராப் மாற்ற என்று போய்ப் பழகுங்கள். ஆள் சரி என்று தோன்றிய பிறகு, மிச்சப் பணத்தை அவரிடமே கொடுத்து, அவர் கையால் சர்வீஸ் செய்த ஒரு பழைய எச்.எம்.டி. கேளுங்கள். ஆன்லைனில் வருவதைவிட நூறு இருநூறு கூட இருக்கும். நின்றுபோனால் எங்கே போவது என்ற கேள்வி இருக்காது.

டீச்சர், என் வாட்ச் 8.40 காட்டுது, ஸ்கூல் பெல் அடிக்குது, அப்பா போன்ல 8.43. யார் டைம் கரெக்ட்? டைமை யார் முடிவு பண்றாங்க?
— ஏழாம் வகுப்பு மாணவி, நுங்கம்பாக்கம்

அப்பா போன்தான் கரெக்ட், கண்ணா. இந்தியாவின் நேரத்தை டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வைத்துக் காக்கிறது.

ஆனால் அந்த வேலையை ஒரு காலத்தில் உன் பேட்டைதான் செய்தது, தெரியுமா? கல்லூரிச் சாலையில் வானிலை மையம் இருக்கிறதே, அந்த வளாகத்தில் 1792-ல் மதராஸ் வானாய்வுக்கூடத்தைக் கட்டினார்கள். அந்தக் காலத்துக் கருங்கல் தூண் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அங்கே கணித்த மதராஸ் நேரத்தை வைத்துத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டின் ரயில்கள் ஓடின. 1906 ஜனவரி 1-ல்தான் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து இந்திய நேரம் என்று ஒன்று வந்தது. சென்னை இருப்பது 80¼ டிகிரியில். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். கழித்துப் பெருக்கிப் பார், நம் ஊர் சூரியன் கடிகாரத்தைவிட ஒன்பது நிமிஷம் தாமதம்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு வை. பகல் 11.45 முதல் 12.30 வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வை. நிழல் எப்போது மிகக் குட்டையாக இருந்தது என்று குறித்துக்கொள். ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் செய்தால் ஒரு நிமிஷம் நிழலே காணாமல் போகும், அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டு. ஆனால் எல்லா மாதமும் 12.09 வரும் என்று நினைக்காதே. பிப்ரவரியில் ஒன்று வரும், நவம்பரில் வேறு ஒன்று வரும். ஏன் என்று உன் சயின்ஸ் டீச்சரைக் கேள். அவர் முழித்தால் எனக்கு எழுது. செருப்புப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போ, தரை சுடும்.